பிறப்புறுப்பு வழியாகக் காற்றும் மலமும் கசிந்தால்: ஃபிஸ்டுலாவைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

பிறப்புறுப்பு வழியாகக் காற்று பிரிகிறது. உள்ளாடையில் மலக்கறை படிகிறது. மருந்து சாப்பிட்டும் நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி இருந்தால் யோனிக்கும் பெருங்குடலுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அதைத்தான் ஃபிஸ்டுலா என்கிறார்கள். ஓட்டை சிறிதானால் கெட்டி மலம் வராது. காற்று மட்டும் வரும், வயிறு போகும் நாட்களில்தான் கசிவு தெரியும். அதனால் டாக்டரிடம் ‘வெள்ளைப்படுது’ என்பதோடு நிறுத்தாமல், ‘அந்த வழியா காற்று வருது’ என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தொற்றுக்கான மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

எதனால் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம். பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிந்து, போட்ட தையல் சீழ்பிடித்துப் பிரிவது முக்கியமான காரணம். அடுத்து குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தவர்களுக்குச் சில மாதங்கள் கழித்தும் வரும், சில வருடங்கள் கழித்தும் வரும். கர்ப்பப்பையை எடுத்த வயதான பெண்களுக்கு, பெருங்குடலின் கடைசி வளைவில் உள்ள சிறு பைகள் அழற்சியாகி யோனியின் உச்சியில் ஒட்டித் துளைத்துவிடுவதும் உண்டு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஆபரேஷன் குறிப்பு, கதிர்வீச்சு ரெக்கார்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

பெரிய ஓட்டை நேரடிப் பரிசோதனையிலேயே தெரியும். சிறியதற்குச் சாயச் சோதனை செய்வார்கள். யோனிக்குள் ஒரு பஞ்சுத் திரியை வைத்து, மெத்திலீன் புளூ கலந்த நீரை எனிமாவாக மலக்குடலில் ஏற்றி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் திரியை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். உள்முனையில் நீலம் இருந்தால் ஓட்டை உண்டு. வெளிமுனை மட்டும் நீலமாக இருந்தால் அது ஆசனவாய் வழியாகக் கசிந்து நனைந்ததாகவும் இருக்கலாம். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னொரு வழி, யோனியில் உப்புநீரை நிரப்பி, மலக்குடலில் காற்றைச் செலுத்தி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பது.

எம்ஆர்ஐ பாதையையும் மறைந்திருக்கும் சீழையும் காட்டும். ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட், மலத்தை அடக்கும் சுருக்குத் தசை அறுந்திருக்கிறதா என்று காட்டும். பிரசவத்துக்குப் பின் வந்த ஃபிஸ்டுலாவில் இந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். தசை அறுந்திருப்பதைக் கவனிக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், ஓட்டை மறுபடி திறக்கலாம். மூடினாலும் மலத்தை அடக்க முடியாமல் போகலாம். ஓட்டை மேலே பெருங்குடலில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் சிடி ஸ்கேனும் கொலனோஸ்கோப்பியும் (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தேவைப்படும். புற்றுநோய் வந்தவர்களுக்கு, நோய் திரும்பவில்லை என்று பயாப்ஸியில் (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) உறுதி செய்த பிறகே மற்றதெல்லாம்.

ஆபரேஷனுக்கு முன்

வீங்கிச் சிவந்த திசுவில் தையல் நிற்காது. அதனால் பிரசவக் காயத்தில் வந்ததற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். சிறிய ஓட்டை சில அதற்குள் தானாகவே மூடிவிடும். சீழ் இருந்தால் முதலில் அதை வடித்து, மறுபடி கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தப் பாதை வழியாகத் தளர்வாக ஒரு நூலை விட்டுவைப்பார்கள்.

இந்தக் காலத்தில் மலம் மிருதுவாகவும் உருவத்தோடும் இருக்க வேண்டும். இளகினால் ஓட்டை வழியாக வரும், இறுகினால் முக்கலில் காயம் பெரிதாகும். இரவில் ஒன்றிரண்டு டீஸ்பூன் இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே மலச்சிக்கலைக் கொண்டுவரும். அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெறும் வெந்நீர் விட்டு, தினம் இரண்டு மூன்று முறை 10 நிமிடம் உட்காருங்கள். டெட்டால் வேண்டாம், எரிந்துவிடும். யோனிக்குள் நீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது. வெளியே கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் தடவினால் தோல் புண்ணாகாது.

சுவரொட்டியில் விளம்பரம் செய்யும் மூலம், பவுத்திர கிளினிக்குகளுக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரணப் பவுத்திரத்தைப்போல் பாதையை அறுத்துத் திறந்தால், பெண்களுக்கு முன்பக்கத்தில் மெல்லியதாக உள்ள சுருக்குத் தசையும் சேர்ந்து அறுபடும்.

எந்த ஆபரேஷன்?

தசை நன்றாக இருந்து ஓட்டையும் தாழ்வாக இருந்தால், மலக்குடல் உட்சுவரிலிருந்து ஒரு மடலை எடுத்து இறக்கி ஓட்டையின் மேல் தைப்பார்கள். அழுத்தம் மலக்குடல் பக்கத்தில்தான் அதிகம், அடைப்பும் அங்கேதான் வலுவாக இருக்க வேண்டும். யோனிப் பக்கம் பெரும்பாலும் திறந்தே விடப்படும். ஆபரேஷனுக்குப் பின் சில நாள் அங்கே நீர் கசிந்தால் பயப்பட வேண்டாம். தசை அறுந்திருந்தால் அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒருமுறை தோற்றதற்கு, பிறப்புறுப்பின் வெளி உதட்டுக் கொழுப்பையோ தொடைத் தசையையோ இரத்த ஓட்டத்தோடு நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தழும்பு கூடும், வாய்ப்பு குறையும். ஆகவே முதல் ஆபரேஷனே இதில் பழகிய கொலோரெக்டல் சர்ஜனிடம் (பெருங்குடல், மலக்குடல் அறுவை நிபுணர்) நடப்பது நல்லது.

குரோன்ஸ் நோயில் முதலில் அழற்சியை அடக்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியை 0, 2, 6வது வாரங்களில் போட்டுத் தொடங்குவார்கள். அதற்கு முன் டிபி பரிசோதனை கட்டாயம், இந்த ஊசி உறங்கும் டிபியைக் கிளப்பிவிடும். கதிர்வீச்சில் கருகிய திசு ஆறுவது கடினம். பலருக்கு வயிற்றில் பை வைத்து மலத்தைத் திருப்பிவிட வேண்டியிருக்கும். பெருங்குடலிலிருந்து வந்த ஓட்டைக்கு, அந்தக் குடல் துண்டை எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைப்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பின் 6 முதல் 8 வாரமாவது உடலுறவும் டாம்பூனும் கூடாது, டாக்டர் கூடுதலாகச் சொன்னால் அதன்படி. குளிர்காய்ச்சல், கடும் வலி, நிற்காத இரத்தம், வயிறு உப்பி மலமும் காற்றும் நின்றுபோவது, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த குழந்தைக்குப் பெரும்பாலும் சிசேரியன்தான் சொல்வார்கள். கர்ப்பம் உறுதியானதும் பழைய ஆபரேஷனைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.