'ஐ ஆம் அஃப்ரெய்டு' என்று டாக்டர் சொன்னால்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பெரியம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் டாக்டர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்து முடித்துவிட்டு, "ஐ ஆம் அஃப்ரெய்டு யூ வில் நீட் அன் ஆபரேஷன்" என்றார். நான் அப்படியே, "ஆபரேஷன் பண்ணணுமாம், டாக்டருக்கே பயமா இருக்காம்" என்று சொல்லிவிட்டேன். வெறும் கண்புரைதான். ஆனால் பெரியம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "ஊருக்கே போயிடலாம்டா" என்று அழுதார். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டாக்டருக்குப் பயமே இல்லை. கேட்பவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும் முன் ஆங்கிலேயர்கள் இந்த 'ஐ ஆம் அஃப்ரெய்டு'வைப் போட்டுக்கொள்வார்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க, சரக்கு தீர்ந்துடுச்சு" என்று நம் கடைக்காரர் சொல்வாரே, அந்த மாதிரி. ரயில் ரத்து, டிக்கெட் இல்லை, நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை என எல்லாவற்றுக்கும் இது வரும். சில சமயம் வாக்கியத்தின் கடைசியிலும் வரும்: "வீ ஆர் க்ளோஸ்டு, ஐ ஆம் அஃப்ரெய்டு."

அப்படியானால் உண்மையான பயத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் 'ஆஃப்' வந்தால் பயம்தான்: "அஃப்ரெய்டு ஆஃப் டாக்ஸ்", நாய் என்றால் பயம். 'டு' வந்தால் பயந்து தயங்குவது: "அஃப்ரெய்டு டு ஆஸ்க்", கேட்கப் பயம். முழு வாக்கியம் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இனிமேல் நடக்கக்கூடிய கெடுதலைப் பற்றியது என்றால் பெரும்பாலும் பயம். ஏற்கெனவே முடிவாகிவிட்ட செய்தி என்றால் வெறும் மரியாதை.

அப்புறம், மிக முக்கியமான ஒன்று. "டிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டால் "ஐ ஆம் அஃப்ரெய்டு நாட்" என்பார்கள். 'இல்லைங்க' என்று பொருள். அதையே "ஐ ஆம் நாட் அஃப்ரெய்டு" என்று மாற்றிச் சொன்னால் 'எனக்குப் பயமில்லை' என்று ஆகிவிடும். "கடை மூடியாச்சா?" என்பதற்கு, ஆமாம் என்றால், "ஐ ஆம் அஃப்ரெய்டு சோ."

நல்ல செய்திக்கு இதைப் போடாதீர்கள். தவறு நம்முடையது என்றால் இது மட்டும் போதாது, 'சாரி' சொல்லியே ஆகவேண்டும். இது செய்தியை மென்மையாக்குமே தவிர மன்னிப்பு கேட்காது.

முதல் கண் நல்லபடியாக முடிந்து மறுபடி போனபோது டாக்டர் அதே வார்த்தையைச் சொன்னார். பெரியம்மாவுக்கு அது காதில் பட்டுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல பெரியம்மா, அடுத்த கண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கணுமாம், அதை வருத்தத்தோட சொல்றார்" என்றேன். "அவ்வளவுதானா?" என்று கையை விட்டார்.