கேதார்நாத் ஹெலிகாப்டரிலிருந்து இறங்குவது எப்படி?

கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட் கிடைத்துவிட்டதா? ஏறுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கீழே ஃபாட்டாவிலோ சேர்சியிலோ இருக்கும் ஹெலிகாப்டர் தளத்தில் எடை பார்த்து, வரிசையில் நிறுத்தி, கையைப் பிடித்தே ஏற்றிவிடுவார்கள். சுமார் 10 நிமிடத்தில் மேலே போய்விடலாம். சிக்கல் இறங்கும்போதுதான். 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேதார்நாத் தளத்தில் பெரும்பாலும் இன்ஜினை நிறுத்துவதில்லை. நீங்கள் இறங்கி அடுத்தவர்கள் ஏறுகிற வரை தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கிளம்பும் முன்

பறக்கக்கூடியது எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. தொப்பி, மஃப்ளர், கழுத்தில் போட்ட துண்டு எல்லாம் பைக்குள். துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொள்ளுங்கள். புடவை என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். வேட்டி வேண்டவே வேண்டாம், அந்தக் காற்றுக்கு மானம் போய்விடும்.

கதவு திறந்ததும்

தரை ஊழியர் வந்து கதவைத் திறக்கும் வரை பெல்ட்டில் கை வைக்காதீர்கள். கழற்றியபின் இருக்கையின் மேலேயே திரும்பப் பூட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் கதவுக்கு வெளியே தொங்கி, பறக்கும்போது படபடவென்று அடிக்கும். கதவை நீங்கள் தொட வேண்டாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், தோளில் ஏற்றாதீர்கள். கைத்தடியைத் தரைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடியுங்கள்.

நடக்கும்போது

குனிந்து நடங்கள். மேல் விசிறி உயரத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் காற்று பலமாக அடித்தால் அதன் நுனி தாழும். சுழற்சி மெதுவாகும்போது இன்னும் தாழும். சரிவான இடமாக இருந்தால் மேட்டுப் பக்கம் போகவே கூடாது. அங்கே தரைக்கும் விசிறிக்கும் நடுவே இடைவெளி குறைவு.

எப்போதும் பைலட்டின் கண்ணில் படுகிற மாதிரி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போங்கள். ஊழியர் கை காட்டும் திசைதான் உங்கள் திசை. சத்தத்தில் எதுவும் காதில் விழாது. விழுந்தாலும் இந்தியில்தான் இருக்கும்: ‘ஜுக்கே சலோ’ என்றால் குனிந்து நட, ‘பீச்சே மத் ஜாவோ’ என்றால் பின்னால் போகாதே. இந்த இரண்டு இந்தியையும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும்.

ஏன் பின்னால் போகக் கூடாது? வாலில் இருக்கும் சின்ன விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. உயரமோ கிட்டத்தட்ட நம் தலைமட்டம். 2023 ஏப்ரலில், கோயில் நடை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, இதே கேதார்நாத் தளத்தில் ஆய்வுக்கு வந்த மாநில விமானத் துறை அதிகாரி ஒருவர் வால் விசிறி அடித்து இறந்தார். 2022 ஜூலையில் ஏதென்ஸ் அருகே 22 வயது சுற்றுலாப் பயணி ஒருவர் பத்திரமாக இறங்கிவிட்டு, விசிறி நிற்பதற்குள் வால் பக்கம் போய் உயிரை விட்டார்.

கண்ணில் தூசி விழுந்தால் தடுமாறி நடக்காமல் அங்கேயே குந்திவிடுங்கள். ஊழியர் வந்து கூட்டிப் போவார். செல்ஃபி எல்லாம் தடுப்புக்கு வெளியே போனபிறகு.

கடைசியாக ஒன்று. எது பறந்து போனாலும் துரத்தாதீர்கள். நாங்கள் போனபோது இறங்கிய மறுநொடி மாமாவின் குரங்குக் குல்லா பிய்த்துக்கொண்டு போனது. அவர் அனிச்சையாக வால் பக்கம் திரும்பி ஓர் எட்டு வைத்தார். ஊழியர் அவர் ஜாக்கெட் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவருமே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். குல்லா கிடைக்கவில்லை. கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் வேறு வாங்கிக்கொண்டார், தாடைக்குக் கீழே நாடா கட்டுகிற மாதிரியாகப் பார்த்து.