டெவலப்பரின் போனில் மட்டும் நன்றாக ஓடும் ஆப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப் எழுதுபவரின் மேசையில் எல்லாம் சுகமாகவே நடக்கும். புதிய போன், வேகமான வைஃபை, தாராளமான ரேம், சோதனைக்கு நாலைந்து வரி டேட்டா. பெரும்பாலான தவறுகள் ஒளிந்திருப்பது இந்த வசதிக்குள்தான். பயனர் கைக்குப் போவதற்கு முன் நாமே ஆப்பைக் கொஞ்சம் படுத்திப் பார்த்துவிட வேண்டும்.

திரையை வரைந்து தொடுதலைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் வேலையைக் குவிப்பது எல்லோருக்கும் தெரிந்த தவறு, ஆனாலும் தொடர்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி செகண்ட். 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி. அதற்குள் ஃபைல் படிப்பது, ஜேசன் வடிவில் வரும் பெரிய டேட்டாவைப் பிரிப்பது எல்லாம் நடந்தால் ஸ்க்ரோல் திக்கும். ஆண்ட்ராய்டில் டீபக் பில்டுக்கு, அதாவது சோதனைக்காக உருவாக்கும் ஆப்புக்கு, ஸ்ட்ரிக்ட்மோடு என்ற கண்காணிப்பு வசதியைப் போட்டு வையுங்கள். எந்த வரி ஸ்டோரேஜைத் தொடுகிறது என்று லாக்கில் காட்டிக்கொடுக்கும். ஐஓஎஸ், மேக் என்றால் ஆப்பிளின் எக்ஸ்கோடுடன் வரும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கருவி. வெப் நுட்பத்தில் டெஸ்க்டாப் ஆப் எழுத உதவும் எலக்ட்ரானில் மெயின் பிராசஸைத் தடுத்து நிறுத்தினால் எல்லா விண்டோவும் சேர்ந்தே உறையும். வேகத்தை அளக்கும்போது டீபக் பில்டை நம்ப வேண்டாம். கூகுளின் ஆப் உருவாக்கும் கருவியான ஃப்ளட்டரில் அதற்கென்றே ப்ரொஃபைல் மோடு இருக்கிறது.

அடுத்தது, ஆப் எப்போதும் உயிரோடு இருக்கும் என்ற நினைப்பு. பயனர் பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டு கேமராவைத் திறக்கிறார். ரேம் போதாமல் ஆண்ட்ராய்டு நம் பிராசஸை முடித்துவிடுகிறது. திரும்பி வந்தால் படிவம் காலி. திரைக்கான தரவை ரேமில் வைத்திருக்கும் வியூமாடல் திரைச் சுழற்சியைத் தாங்கும், இதைத் தாங்காது. நிரப்பியதை, சிஸ்டம் நமக்காகப் பாதுகாத்து வைக்கும் சேவ்டு ஸ்டேட்டில் வைக்க வேண்டும். சோதிக்க, ஹோம் பட்டனை அழுத்திவிட்டு கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் 'ஏஎம் கில்' கட்டளை கொடுத்து, ரீசன்ட்ஸிலிருந்து மறுபடி திறந்து பாருங்கள். ரீசன்ட்ஸிலிருந்து தள்ளி மூடுவது இதற்கு ஈடாகாது. அப்போது சேவ்டு ஸ்டேட்டும் சேர்ந்தே போய்விடும்.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு டேட்டாபேஸ் மைக்ரேஷனில், அதாவது பழைய டேட்டாவைப் புதிய அமைப்புக்கு மாற்றுவதில் நடப்பது. டேபிளில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்ததும் ஆப் கிராஷ் ஆகிறது. எரர் மெசேஜே ஒரு சுலப வழியைச் சொல்கிறது: ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான ரூமில் 'ஃபால்பேக் டு டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்'. அதைச் சேர்த்ததும் கிராஷ் நின்றுவிடும். ஆனால் பொருத்தமான மைக்ரேஷன் இல்லாத இடத்தில் அது டேபிள்களை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது. பயனர் எழுதி வைத்த குறிப்புகள் ஒரே அப்டேட்டில் காணாமல் போகும். இன்னொன்று, எல்லோரும் ஒவ்வொரு வெர்ஷனாக ஏறி வருவதில்லை. 3-இலிருந்து நேராக 7-க்குத் தாவுபவர்களும் உண்டு. டேபிள்களின் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா ஃபைல்களை, கோடின் பழைய வடிவங்களைக் காக்கும் கிட்டில் (Git) சேர்த்து, ரூமின் சோதனைக் கருவியான மைக்ரேஷன் டெஸ்ட் ஹெல்பரால் பழைய வெர்ஷன் ஒவ்வொன்றிலிருந்தும் ஏற்றிப் பாருங்கள். பிறர் தரவைக் கையில் வைத்திருப்பவருக்கு இது குறைந்தபட்சக் கடமை.

வெளிச் சேவையை அழைக்க உதவும் ஏபிஐயின் ரகசியக் கீயை ஆப்புக்குள் வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப்பின் நிறுவல் ஃபைலான ஏபிகேயை ஜேட்எக்ஸ் என்ற கருவி சில நிமிடங்களில் பிரித்துவிடும். ஆண்ட்ராய்டு கோடைச் சுருக்கும் கருவியான ஆர்8 பெயர்களைச் சுருக்குமே தவிர, கீ போன்ற எழுத்துத் தொடர்களை (ஸ்ட்ரிங்) மறைக்காது. எலக்ட்ரான் ஆப்பின் கோட் அடங்கிய ஆசார் ஃபைலையும் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ரகசியம் சர்வரில் இருக்கட்டும்.

டெஸ்க்டாப்பில் ஒரு சின்ன விஷயம்: விண்டோஸும் மேக்கும் வழக்கமாக ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். அங்கே மட்டும் ஐகான் காணவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

வெளியிடும்போது சுருக்கிய பெயர்களுக்கு அசல் பெயர் சொல்லும், ஆர்8 தரும் மேப்பிங் ஃபைலை வெர்ஷன்வாரியாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் கிராஷ் ரிப்போர்ட்டில் ஒற்றை எழுத்துப் பெயர்கள்தான் மிஞ்சும். முதலில் சிறு சதவீதப் பயனர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ப்ளே ஸ்டோரில் ரோல்அவுட்டைப் பாதியில் நிறுத்தினாலும், ஏற்கெனவே அப்டேட் பெற்றவர்கள் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப மாட்டார்கள். வெர்ஷன் கோட் என்ற எண்ணை உயர்த்தித் திருத்தத்தை அனுப்பினால்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும்.