'பைட் த புல்லட்' என்றால் பல்லைக் கடிப்பது மட்டுமா?

'பைட் த புல்லட்' (bite the bullet, சொல்லுக்குச் சொல் 'தோட்டாவைக் கடி') என்ற ஆங்கிலத் தொடருக்குப் பலரும் 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது' என்று பொருள் சொல்லிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி.

படி 1: பொருளைப் பிடியுங்கள்

இனித் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து, இத்தனை நாள் தள்ளிப்போட்ட கசப்பான வேலையை 'சரி, ஆனது ஆகட்டும்' என்று செய்துவிடுவதுதான் இது. வெறுமனே பொறுத்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'கிரின் அண்ட் பேர் இட்' என்று வேறு தொடர் இருக்கிறது. பல்வலியோடு மாதக்கணக்கில் காலம் தள்ளுவது கிரின் அண்ட் பேர் இட். பல்லைப் பிடுங்கப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவது பைட் த புல்லட். சந்தேகம் வந்தால், வாக்கியத்தில் 'ஒருவழியாகத் துணிந்து' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

படி 2: எங்கிருந்து வந்தது?

மயக்க மருந்து இல்லாத காலத்தில், அறுவை சிகிச்சையின்போது வீரர்கள் தோட்டாவைக் கடித்துக்கொண்டார்கள் என்ற கதையைத்தான் அதிகம் சொல்வார்கள். ஆனால் எழுத்தில் கிடைக்கும் பழைய தடயம் ஒன்று கசையடியைப் பற்றியது. பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1796 பதிப்பில், அடி தாங்காமல் கத்தும் சிப்பாய்க்கு 'நைட்டிங்கேல்' என்று பட்டப்பெயர். பாடும் பறவையாம்! அந்தப் பெயர் வாங்காமலிருக்கச் சிலர் தோட்டாவை மென்றுகொண்டு அடி வாங்கினார்களாம்.

படி 3: வாக்கியத்தில் வையுங்கள்

இறந்தகாலத்தில் 'பைட்' என்பது 'பிட்' ஆகும்: 'ஐ பிட் த புல்லட் அண்ட் கால்ட் மை பாஸ்'. என்ன செய்தோம் என்பதை 'அண்ட்' போட்டுச் சேர்த்துவிடுவது வழக்கம். பத்துப் பேர் சேர்ந்து செய்தாலும் 'புல்லட்' ஒருமைதான். 'புல்லட்ஸ்' என்று நீட்ட வேண்டாம். 'த' என்பதையும் விட்டுவிடக் கூடாது.

படி 4: எங்கே வேண்டாம்?

அலுவலகப் பேச்சிலும் சாதாரண மின்னஞ்சலிலும் உறுத்தாது. துக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், இரக்கமில்லாமல் ஒலிக்கும்.

அப்புறம், ஒரு சின்னப் பயிற்சி. பக்கத்து வீட்டுச் சத்தத்தை ஒரு வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்று போய்க் கதவைத் தட்டிவிட்டீர்கள். இரண்டில் எதற்கு எந்தத் தொடர்?