செம்பருத்தி தெரிந்தால் ‘இம்பாசிபிள்’ எழுத வரும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் நல்ல காய்ச்சல். வர முடியாது என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில், ‘ஐ எம் டிசேபல் டு கம் டுடே’ என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் போனதும் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “என்னம்மா, ஓகேயு கார்டு எப்ப எடுத்த? சொல்லவே இல்லையே!” மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகநலத் துறை கொடுக்கும் அட்டை அது. அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே மதியம் ஆகிவிட்டது. நான் எழுத வேண்டியது ‘அன்ஏபல்’.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர் செந்தூலில் சில அக்காமார்களுக்கு நானே ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் வளர்ந்தபின் வேலைக்குப் போக நினைப்பவர்கள். “எதுக்கு அன், எதுக்கு டிஸ்னு ஒரு லிஸ்ட் கொடுத்துடுங்க டீச்சர்” என்பார்கள். சொல்லின் தலையில் ஒட்டி அதன் பொருளை மாற்றும் இந்தத் துண்டுகளுக்கு முன்னொட்டு என்று பெயர். லிஸ்ட் கொடுத்தால் அது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும், தலையில் ஏறாது. அதற்குப் பதிலாக நான் வகுப்பில் செய்வதை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ‘இல்லை’யை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் வாலில் நிற்கும்: முடியாது, தெரியாத, பயனற்ற. ஆங்கில முன்னொட்டு தலையில் நிற்கும். இது நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. பசாரில் ‘தாக் போலே’ என்று மலாயில் பேரம் மறுக்கும்போது ‘தாக்’ முன்னால்தானே வருகிறது? வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களும் அப்படித்தான்: நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம், அவசியம், அநாவசியம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அநீதியின் ‘அ’, அன்ஹேப்பியின் ‘அன்’, இன்கரெக்டின் ‘இன்’ மூன்றும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

படி 2: முன்னொட்டைக் கழற்றிப் பாருங்கள்

கழற்றிய பிறகு மிஞ்சுவது தனிச் சொல்லாக நிற்க வேண்டும். அன்ஹேப்பியில் ‘அன்’னை எடுத்தால் ‘ஹேப்பி’ நிற்கிறது. அங்கிளில் எடுத்தால் ஒன்றும் நிற்காது. அங்கிள் மறுப்புச் சொல் இல்லை. இம்பார்ட்டன்ட்டும் அதே கதை.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ‘இம்போர்ட்’டில் ‘இம்’மைக் கழற்றினால் ‘போர்ட்’ என்ற நல்ல சொல் மிஞ்சும். அதற்காக இம்போர்ட் என்றால் ‘துறைமுகம் இல்லை’ என்று ஆகிவிடுமா? கிள்ளான் துறைமுகத்தில் நாள் முழுக்க நடப்பதே இம்போர்ட்தான்! இந்த ‘இன்’னுக்கு ‘உள்ளே’ என்று பொருள். இன்கம், இன்க்ளூட் எல்லாம் இந்த உறவு. ‘இன்ஃபிளேமபல்’ என்பதும் இதே கூட்டம். எண்ணெய் லோரியிலோ தின்னர் டப்பாவிலோ இதைப் பார்த்தால் ‘தீப்பிடிக்காது’ என்று நினைத்துவிடாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் என்பதே பொருள். ‘ஃபிளேமபல்’ என்றாலும் அதேதான். தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃபிளேமபல்’ என்பார்கள்.

‘இன்வேல்யுவபல்’ இன்னொன்று. மதிப்பில்லாதது என்று நினைத்து, நன்றிக் கடிதத்தில் போடத் தயங்குகிறார்கள். நம் ‘விலைமதிப்பற்ற’ என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ‘அற்ற’ இருக்கிறது, ஆனாலும் அது பாராட்டுதான்.

படி 3: என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள்

‘அன்’ ஒரு பண்புச் சொல்லோடு சேர்ந்தால் ‘அப்படி இல்லை’: அன்லக்கி, அன்ஃபேர். வினையோடு சேர்ந்தால் செய்ததைத் திருப்பிச் செய்யும். கைப்பேசியை அன்லாக் பண்ணுகிறோம், ஊரிலிருந்து வந்து பையை அன்பேக் பண்ணுகிறோம்.

‘மிஸ்’ என்பது இல்லை என்று சொல்லாது, தப்பாக என்று சொல்லும். மிஸ்அண்டர்ஸ்டேண்ட் என்றால் புரியாமல் போனதல்ல, தப்பாகப் புரிந்துகொண்டது. இந்த வித்தியாசம் வீட்டுச் சண்டைகளில் மிகவும் உதவும்.

‘நான்’ (நம்முடைய ‘நான்’ இல்லை) யாரையும் குறை சொல்லாது, வகை மட்டும் பிரிக்கும். பேரங்காடியில் ‘நான்-ஹலால்’ என்று தனிப் பகுதி இருக்கிறதே, அது அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒருவரை ‘அன்புரொஃபஷனல்’ என்றால் அது திட்டு. ‘நான்-புரொஃபஷனல்’ என்றால் அவர் அதைத் தொழிலாகச் செய்பவரில்லை, கோபித்துக்கொள்ளமாட்டார்.

‘டிஸ்’தான் என் பழைய எதிரி. டிஸ்ஹானஸ்ட், டிஸ்அக்ரீ என்பவற்றில் எதிர்ப்பக்கம் நிற்கும். டிஸ்கனெக்ட் என்பதில் இருந்ததைத் துண்டிக்கும். ‘டிசேபல்’ என்பது செயலிழக்க வைக்கும் வினை. ஆகவே அன்று நான் எழுதியது விடுப்புச் செய்தியாகவும் இல்லை, சரியான ஆங்கிலமாகவும் இல்லை. ‘அன்இன்டரஸ்டட்’, ‘டிஸ்இன்டரஸ்டட்’ இரண்டையும் இங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். பந்து விளையாட்டில் நடுவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் அவர் டிஸ்இன்டரஸ்டட். ஆட்டத்தைப் பார்க்காமல் கொட்டாவி விட்டால் அன்இன்டரஸ்டட்.

படி 4: செம்பருத்தியை நினையுங்கள்

வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த இடம் இது. ‘இன்’ ஏன் சில இடங்களில் இம், இல், இர் என்று மாறுகிறது?

செம்மையோடு கடல் சேர்ந்தால் செங்கடல். தமிழ் சேர்ந்தால் செந்தமிழ். பருத்தி சேர்ந்தால் செம்பருத்தி, நம் நாட்டின் தேசிய மலர். யாரும் விதி சொல்லித் தராமலே வாய் மாற்றிக்கொள்கிறது. ‘ப’ சொல்ல உதடு மூட வேண்டும். அதற்கு முன்னால் வரும் மூக்கொலியும் உதட்டிலேயே பிறந்து ‘ம்’ ஆகிவிடுகிறது.

‘இன்’னுக்கும் இதே கதிதான். உதடு மூடும் எழுத்துக்கு முன்னால் அது ‘இம்’: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மச்சூர். அதாவது பசாருக்குப் போடும் பி, பஸ்ஸுக்குப் போடும் பி, எம் ஆகிய மூன்று எழுத்துகள். எல் வந்தால் ‘இல்’: இல்லீகல். (‘லீகல் இல்லை’ என்று ஒரு அக்கா உடனே நினைவு வைத்துக்கொண்டார். தற்செயல்தான், ஆனால் வசதியான தற்செயல்.) ஆர் வந்தால் ‘இர்’: இர்ரெகுலர், இர்ரெஸ்பான்சிபிள். மற்ற எழுத்துகளுக்கு முன்னால் பெரும்பாலும் ‘இன்’னாகவே இருக்கும்: இன்கரெக்ட், இன்விசிபிள்.

‘அன்’ மட்டும் பிடிவாதக்காரி, யாருக்காகவும் மாறமாட்டாள். அன்பெய்ட், அன்லிமிடட், அன்ரிலேடட்.

படி 5: அன்னா, இன்னா?

‘அன்’ பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. ‘இன்’ லத்தீன். 1066-இல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாக இப்படிப்பட்ட சொற்கள் நிறைய நுழைந்தன. அதனால்தான் ஒரே பொருளுக்கு இரண்டு வேஷம். ‘லா’ பழைய ஆங்கிலத்தில் வேரூன்றிய சொல், அதன் எதிர்ப்பக்கம் ‘அன்லாஃபுல்’. ‘லீகல்’ லத்தீன், அது ‘இல்லீகல்’. விளக்குத் தூண்களில் ஸ்டிக்கர் ஒட்டிப்போகும் ஆலோங்கை, அதாவது உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கடன் கொடுப்பவரை, ‘அன்லைசென்ஸ்ட்’ என்றாலும் ‘இல்லீகல்’ என்றாலும் சரிதான்.

வேரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்றால் வாலைப் பாருங்கள். சொல் ‘இடி’, ‘ஐஎன்ஜி’ என்று முடிந்தால் பெரும்பாலும் அன்: அன்எக்ஸ்பெக்டட், அன்இன்டரஸ்டிங். ‘ஐபிஎல்இ’ என்று முடிந்தால் பெரும்பாலும் இன் குடும்பம்: இன்கிரெடிபிள், இல்லெஜிபிள். ‘ஏபிஎல்இ’ முடிவை நம்பாதீர்கள். ‘அன்பிலீவபல்’ ஒரு பக்கம், ‘இன்கியூரபல்’ இன்னொரு பக்கம்.

இதற்கு மேல் ஒரு குறும்பு. பண்புச் சொல்லுக்கு அன், அதன் பெயர்ச்சொல்லுக்கு இன் என்று சில சொற்கள் கட்சி மாறும். அன்ஏபல் ஆனால் இன்எபிலிட்டி. அன்ஈக்வல் ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட் ஆனால் இன்ஜஸ்டிஸ். அதிகம் இல்லை, இதை மட்டும் மனப்பாடம் செய்ய அனுமதிக்கிறேன்.

படி 6: எழுத்துக்கூட்டல் வெறும் கூட்டல் கணக்கு

முன்னொட்டை முழுசாக எழுதுங்கள், சொல்லை முழுசாக எழுதுங்கள். எதையும் விடவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம். அன், நெசசரி: நடுவில் இரண்டு என். மிஸ், ஸ்பெல்: இரண்டு எஸ். டிஸ், அப்பாயின்ட்: ஒரே எஸ், பி மட்டும் இரண்டு.

இப்போது நோட்டை எடுங்கள். பேஷண்ட், ஹானஸ்ட், லைக், ‘படித்தாயிற்று’ என்ற பொருளில் ரெட், கடைசியாக ஸ்டெபிலிட்டி. ஐந்துக்கும் எதிர்ச்சொல் எழுதிவிட்டுக் கீழே வாருங்கள்.

இம்பேஷண்ட், செம்பருத்தி விதி. டிஸ்ஹானஸ்ட். ‘லைக்’ கேள்வியே தந்திரம்: பிடிக்காது என்றால் டிஸ்லைக், அதைப் போல இல்லை என்றால் அன்லைக், முகநூலில் போட்ட லைக்கைத் திரும்ப எடுத்தாலும் அன்லைக்தான். ஆர் என்ற எழுத்தைப் பார்த்து இர் போட்டுவிட்டீர்களா? ரெட் சுத்தமான பழைய ஆங்கிலச் சொல். உங்கள் வாட்ஸ்அப்பில் காத்திருப்பவை அன்ரெட் செய்திகள். ஐந்தாவது, இன்ஸ்டெபிலிட்டி. ‘அன்ஸ்டேபிள்’ தெரியும் என்ற தைரியத்தில் அங்கேயும் அன் போட்டவர்கள் படி 5-க்குத் திரும்புங்கள்.