மெய்நிகர் உலகத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

கணக்குத் தொடங்கியவர்கள் இத்தனை லட்சம் என்ற விளம்பரத்தை விட்டுத்தள்ளுங்கள். இந்த நிமிடம் உள்ளே எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள்.

நான் பழகியது செகண்ட் லைஃப். கணினித் திரையில் நமக்கென ஓர் உருவத்தை நடமாடவிட்டு, மற்றவர்களோடு பேசிப் பழகும் இணைய உலகம் அது. லிண்டன் லேப் என்ற அமெரிக்க நிறுவனம் அதை 2003-இல் திறந்தது. 2006-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அங்கே ஒரு நிருபரை அமர்த்தியது, 2007-இல் ஸ்வீடன் தூதரகம் திறந்தது. அமெரிக்கன் அப்பேரல் துணிக்கடை போட்டு ஒரு வருடத்தில் மூடியது. அந்தப் பரபரப்பெல்லாம் அடங்கிவிட்டது, உலகம் மட்டும் இன்னும் ஓடுகிறது. ஏன் என்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

கணக்கு இலவசம். சாதாரண மடிக்கணினி என்றால் முதலில் கிராபிக்ஸ் அமைப்பில் பார்வைத் தூரத்தை (Draw Distance, எவ்வளவு தொலைவு வரை காட்ட வேண்டும் என்பது) 64 மீட்டராகக் குறையுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் சாம்பல் நிறமாகவே நிற்கும்.

அப்புறம் வரைபடத்தைத் திறங்கள். ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் ஓர் ஆள். கட்டடம் நிறைந்த இடங்களில் புள்ளியே இருக்காது, ஒரு மூலையில் இருபது புள்ளிகள் மொய்க்கும். அங்கே போங்கள். ஆனால் நேரம் முக்கியம். அங்கே கடிகாரம் கலிபோர்னியா நேரத்தில் ஓடுகிறது. கோடையில் அவர்களுக்கு இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7.30. நம் சாயங்காலத்தில் போய்விட்டு 'காலியாகக் கிடக்கிறது' என்று முடிவுகட்டாதீர்கள்.

பிரம்மாண்டக் கூட்டம் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-இல் ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டுக்குள் நடந்த ராப் பாடகர் ட்ராவிஸ் ஸ்காட்டின் நிகழ்ச்சிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆனால் அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் அதே அரங்கின் தனித்தனிப் பிரதிகளில்தான் நிறுத்தியிருந்தார்கள்.

சரி, கூட்டம் உள்ள இடம் கிடைத்ததும் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம் மறுபடி போங்கள். அதே பெயர்கள் தென்படுகின்றனவா? இதுதான் உண்மையான சோதனை. நான் ஒரு கிடார்க் கச்சேரிக்குத் தொடர்ந்து போனேன். வாசிப்பவர் தன் வீட்டிலிருந்தே நேரலையில் வாசிப்பார், பதினெட்டு பேர் கேட்போம். மூன்றாவது வாரம் நான் நுழைந்ததுமே ஒரு பெண்மணி தட்டெழுதினார்: "போன வாரம் பாதியில் மறைந்துவிட்டீர்களே, கரண்ட் போய்விட்டதா?"

அப்படி உங்களைத் தேட ஓர் ஆள் கிடைக்கும்வரை காசு எதுவும் போடாதீர்கள். கிடைத்த பிறகும் உடை, அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிலம் வேண்டாம், மாதாமாதம் கட்டணம் கேட்கும்.