பழைய டிவி விவாதத்தை உருப்படியாகப் பார்ப்பது எப்படி? (பக்லி – விடால், 1968)

எங்கள் வாசகர் வட்டத்தில் போன வருடம் "தொலைக்காட்சி விவாதங்கள் அரசியல் பேச்சை எப்படி மாற்றின" என்று இருபது நிமிடம் பேச ஒப்புக்கொண்டேன். தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வில்லியம் பக்லி கோர் விடாலைப் பார்த்து "மூஞ்சியிலேயே குத்துவேன்" என்று பல்லைக் கடிக்கும் அந்தப் பிரபலமான கிளிப்பை ஓடவிட்டேன். கூட்டம் ரசித்தது. பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி தம்பி, இவங்க கிட்ட கேட்ட கேள்வி என்ன?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிளிப்பை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன், கேள்வி என்று ஒன்று இருந்திருக்கும் என்றே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இருவரையும் பற்றி ஒரு வரி போதும். பக்லி, 1955இல் 'நேஷனல் ரிவ்யூ' இதழைத் தொடங்கிய வலதுசாரி. விடால், நாவலாசிரியர், 1960இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று தோற்றவர். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. மீதியை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம்.

படி 1: கடை யாருடையது என்று பாருங்கள்

யார் பேசினார்கள் என்பதற்கு முன்னால், யார் பேசவைத்தார்கள், ஏன் என்று எழுதிக்கொள்ளுங்கள். 1968இல் அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் மூன்று: என்பிசி, சிபிஎஸ், ஏபிசி. ஏபிசிக்கு மூன்றாவது இடம். அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடுகளை மற்ற இருவரும் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டினார்கள். ஏபிசிக்கு அவ்வளவு வசதி இல்லை. இரவு 90 நிமிடம் மட்டும் காட்டுவது, அதற்குள் சண்டை போடத் தெரிந்த இரண்டு பேரை உட்கார வைப்பது என்று முடிவெடுத்தார்கள். முதல் மாநாட்டுக்காக மியாமியில் அவர்கள் போட்ட தற்காலிக ஸ்டுடியோவின் கூரை மாநாடு தொடங்கும் முன்பே சரிந்து விழுந்தது. நிலைமை அப்படி.

ஆக, "அறிவுஜீவிகளின் மோதல்" என்று பிறகு பேர் வாங்கிய இது கைச்செலவைக் குறைக்கப் போட்ட திட்டம். அதனால் விவாதம் மட்டம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இவர்களுக்குக் கொடுத்த நேரம் ஏன் இவ்வளவு குறைவு, நெறியாளர் ஏன் அவசரப்படுகிறார் என்பதெல்லாம் புரியும்.

படி 2: தேதியை வைத்துத் தேடுங்கள்

பெயரை மட்டும் போட்டால் அதே இரண்டு நிமிடக் கிளிப்தான் நூறு தடவை வரும். தேதியையும் சேர்த்துத் தேடுங்கள். குடியரசுக் கட்சி மாநாடு, மியாமி பீச், ஆகஸ்ட் 5 முதல் 8. ஜனநாயகக் கட்சி மாநாடு, சிகாகோ, ஆகஸ்ட் 26 முதல் 29. மொத்தம் 10 விவாதங்கள். குறைந்தது இரண்டையாவது முழுசாகப் பாருங்கள்: மியாமியில் ஒன்று, அப்புறம் ஆகஸ்ட் 28.

(வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் தொலைக்காட்சிச் செய்திக் காப்பகம் பதிவைத் தொடங்கியதும் 1968 ஆகஸ்ட் 5 அன்றுதான். அதற்கு முந்தைய மாலைச் செய்திகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்தத் தேதியின் அருமை தெரியும்.)

படி 3: நோட்டும் பேனாவும்

எக்ஸெலில் செய்யலாம் என்பார்கள். செய்யாதீர்கள். கட்டம் நிரப்பும் வேலையில் காது மூடிக்கொள்கிறது. நாற்பது ரூபாய் கோடு போட்ட நோட்டு போதும். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: நேரம், யார், எதற்குப் பதில், புதிதாக வந்த சொல். நான்காவது பத்தி எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள்.

கோப்பு கையில் இருந்தால் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருள்தான். ஷிப்டோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 வினாடி பின்னால் போகும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிற இடங்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. யூடியூபில் பத்து வினாடி பின்னால் போய், திரும்பக் கேட்டு, திரும்பத் தவறவிட்டு… சொன்னால் புரியாது, பட்டால்தான் தெரியும்.

படி 4: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 28 இரவு. சிகாகோ தெருக்களில் போலீஸ் வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களை அடித்துத் துவைத்திருக்கிறது. அந்தக் காட்சிகளைக் காட்டிவிட்டு நெறியாளர் ஹவார்ட் கே. ஸ்மித் விடாலிடம் கேட்கிறார். சுருக்கமாக: பூங்காவில் வியட்காங் (வியட்நாமில் அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) கொடியை ஏற்றப் பார்த்தது சீண்டும் செயல் இல்லையா, இரண்டாம் உலகப் போரின்போது இங்கே நாஜிக் கொடியை ஏற்றியிருந்தாலும் இதேதானே நடந்திருக்கும்?

உங்கள் நான்காவது பத்தியில் இப்போது எழுதுங்கள்: "நாஜி – ஸ்மித்".

விடால் அந்த ஒப்பீட்டைத் தொடவே இல்லை. அமெரிக்கக் கொள்கை தவறு என்று நினைப்பவர்கள் இந்த நாட்டிலேயே நிறைய இருக்கிறார்கள், மேற்கு ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கருத்துதான், எந்தக் கருத்தையும் சொல்லலாம் என்பதுதானே ஜனநாயகம் என்று போகிறார். பக்லி குறுக்கே பாய்கிறார். விடால், கொஞ்சம் வாயை மூடு என்கிறார். மாட்டேன் என்கிறார் பக்லி. சிலர் அப்போது நாஜிகளையும் ஆதரித்தார்கள், அவர்களை ஒதுக்கிவைத்தது சரிதான், அமெரிக்கச் சிப்பாய்களைச் சுடு என்று தூண்டிவிடுபவர்களையும் அப்படித்தான் ஒதுக்கவேண்டும் என்கிறார். "நாஜி – பக்லி". விடால் திருப்பிப் போடுகிறார்: எனக்குத் தெரிந்து நாஜி ஆதரவாளர், மறைமுக நாஜி என்றால் அது நீதான். "நாஜி – விடால்". ஸ்மித், பட்டம் சூட்டவேண்டாம் என்கிறார். அடுத்த சில நொடிகளில் பக்லி வெடிக்கிறார். கிளிப் வழக்கமாகத் தொடங்குவது இதற்குச் சற்று முன்னால்தான்.

ஒரே சொல், மூன்று வாய். அதை மேசையில் வைத்தவர் சண்டைக்காரர் இருவரும் அல்லர், "பட்டம் சூட்டவேண்டாம்" என்ற நெறியாளர். ஸ்மித் மேல் பழிபோடுவதற்காகச் சொல்லவில்லை, ஒரு செய்தியாளர் கேட்கக்கூடிய கேள்விதான் அது. ஆனால் கிளிப் ஸ்மித்தின் கேள்வியை வெட்டிவிடுகிறது. வெட்டிய பிறகு பார்ப்பவருக்கு, விடால் எங்கிருந்தோ அந்தச் சொல்லைப் பொறுக்கிவந்து எறிந்த மாதிரி தெரிகிறது. நானும் வாசகர் வட்டத்தில் அப்படித்தான் விளக்கியிருந்தேன், வெட்கம்.

இங்கே இரண்டு சிறு வேலை. ஒன்று, வெடிக்கும்போது பக்லி விடாலைப் பார்த்துச் சொன்ன 'குயர்' (தன்பாலீர்ப்பாளரைக் குறிப்பது) என்ற வசையை மொழிபெயர்ப்பது. 'குயர்' என்பதை இன்று பலர் தாங்களே விரும்பி ஏற்றிருக்கிறார்கள், தமிழிலும் பால்புதுமையினர் என்று மரியாதையாக எழுதுகிறோம். 1968இல் பக்லி வாயில் அது சுத்தமான வசை. மரியாதையான சொல்லைப் போட்டு மொழிபெயர்த்தால் பக்லியைக் காப்பாற்றியதாகிவிடும். நான் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்து, வசை என்று பக்கத்தில் குறித்தேன். இரண்டு, "போன போரில் நான் காலாட்படையில் இருந்தவன்" என்று பக்லி சொல்ல, நீ சண்டையே போடவில்லை என்று விடால் மறுக்கிறாரே, அதைச் சரிபாருங்கள். பக்லி ராணுவத்தில் இருந்தது உண்மை, அமெரிக்காவை விட்டுப் போர்க்களம் போகவில்லை என்பதும் உண்மை. கத்தும்போதுகூட இருவரும் பாதி உண்மை பேசுகிறார்கள்.

படி 5: விளக்கணைந்த பிறகு

விவாதம் ஸ்டுடியோவில் முடியவில்லை. 1969இல் 'எஸ்குவயர்' இதழில் ஆகஸ்டில் பக்லியும் செப்டம்பரில் விடாலும் ஒருவரையொருவர் பற்றி எழுதினார்கள். பக்லி வழக்குப் போட்டார். 1972இல் எஸ்குவயரோடு சமரசம், பக்லியின் வழக்குச் செலவுக்கு 1,15,000 டாலர். டிவியில் சில நொடி, நீதிமன்ற வாசலில் மூன்று வருடம்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. 1969 ஏப்ரலில் பக்லி தன் 'ஃபயரிங் லைன்' நிகழ்ச்சிக்கு, மொழியியலாளரும் வியட்நாம் போர் எதிர்ப்பாளருமான நோம் சாம்ஸ்கியைக் கூப்பிடுகிறார். வியட்நாம் விஷயத்தில் எனக்குச் சில சமயம் கோபம் வந்துவிடும், இன்றிரவு வராமல் இருக்கலாம் என்கிறார் சாம்ஸ்கி. வந்தால் உன் மூஞ்சியில் குத்திவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் பக்லி. ஆறேழு மாதத்தில் அந்த வெறி ஒரு நகைச்சுவையாகிவிட்டது. இருவரும் சிரிக்கிறார்கள். அப்புறம் வியட்நாமைப் பற்றி, அவரவர் வாதத்தை நீட்டிச் சொல்ல இடம்விட்டு, பேசுகிறார்கள். அதே பக்லிதான், அதே திமிர்தான். பேசக் கிடைத்த நேரம் மட்டும் வேறு. இதை ஆகஸ்ட் 28க்கு அடுத்த நாளே பாருங்கள்.

படி 6: "இதனால்தான்" என்று எழுதும் முன்

இங்கேதான் எல்லாரும் ஒரே தாவாகத் தாவுகிறார்கள்: 1968இல் இவர்கள் கத்தினார்கள், ஆகவே இன்று எல்லாச் சேனலிலும் கத்துகிறார்கள். நடுவில் நிறைய இருக்கிறது. சிபிஎஸ் 1971இல் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில் எதிரும் புதிருமான இரண்டு பேரைப் பேசவைக்கும் பகுதியைக் கொண்டுவந்தது. சிஎன்என் 1982இல் 'கிராஸ்ஃபயர்' தொடங்கியது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்ற ஒலிபரப்பு விதியை 1987இல் கைவிட்டார்கள். கேபிள் பரவியது. இரண்டு நாற்காலி போட்டு மோதவிடுவது மலிவு, பார்க்கக் கூட்டமும் சேரும் என்று 1968 காட்டிக்கொடுத்தது. அவ்வளவு தூரம் தைரியமாக எழுதலாம். அதற்கு மேல் எழுதுவதென்றால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம் வேண்டும்.

பின்சேர்க்கை 1: திரையில் தானாக ஓடும் வசன வரிகளை (சப்டைட்டில்) நம்பி நோட்டு எழுதியதாக ஒரு வாசகர் அனுப்பியிருந்தார். இருவரும் ஒன்றாகப் பேசும் இடங்களில் அது ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் போட்டுவிடுகிறது. வசனத்தை அணைத்துவிட்டு ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: "1960 கென்னடி – நிக்ஸன் விவாதத்தில் வானொலி கேட்டவர்களுக்கு நிக்ஸன் ஜெயித்தார், டிவி பார்த்தவர்களுக்கு கென்னடி ஜெயித்தார், அதையும் சேருங்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். சேர்க்கமாட்டேன். அதற்குக் காட்டும் கருத்துக்கணிப்பில் வானொலி நேயர்கள் சில நூறு பேர்தான். அவர்கள் முன்பே நிக்ஸன் பக்கம் இருந்தவர்களா என்பதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பின்சேர்க்கை 3: "கடைசியில் யார் ஜெயித்தது?" நம் ஊர்ப் பட்டிமன்றம் பார்த்துப் பழகிய கேள்வி. நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்ல ஏபிசியில் ஆள் இல்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் 1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் இதே பக்லியும் மோதியதைப் பாருங்கள். அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களின் இழப்பில் கட்டப்பட்டதா என்பது தலைப்பு. வாக்கெடுப்பு, பால்ட்வின் தரப்புக்கு 544, எதிர்த்து 164.

ஆகஸ்ட் 28ஐப் பார்ப்பவர்கள் சண்டை முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஸ்மித் நேரம் முடிந்தது என்று நன்றி சொல்லும்வரை ஓடவிடுங்கள். வழக்கத்தைவிடச் சூடு கொஞ்சம் அதிகம், வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனாலும் கேட்கத்தக்கதாகவே இருந்தது என்கிறார். நோட்டில் அதையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.